பத்து சதவீத வழுக்கல்

ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வயலிலிருந்து கிளம்பிய டிராக்டர் ஒன்று, முந்தின நாள் பெய்த அகால மழையில் ஊறிக் கிடந்த சேற்றில் ஒரு பின்சக்கரத்தை இறக்கிவிட்டு, அந்தச் சக்கரம் மாத்திரம் ஆவேசம் வந்ததுபோல் சுழல, காய்ந்த மண்ணில் நின்ற மற்றொரு சக்கரமோ தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் அசையாது நின்ற விந்தையைக் கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒருமுறை நின்று பார்த்தேன். ஓட்டியவர் பதறவில்லை. விசையைத் தணித்து, குதிகாலுக்கருகே இருந்த சிறு மிதியொன்றை அழுத்தி, “டிப்லாக் போட்டாச்சு, இனிமே வந்துரும்” என்றார். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்றன. பாரம் முழுவதும் மெல்ல மேடேறிற்று. தார்ச் சாலையைத் தொட்டவுடன் அவர் காலை எடுத்துவிட்டார். எடுக்காமல் வண்டியைத் திருப்பினால் ஆக்ஸில் போய்விடுமாம்.

திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பல்சக்கரக் கூட்டமொன்றை அவற்றின் நடுவே வைத்திருக்கிறார்கள்; அதற்கே டிஃபரென்ஷியல் என்று பெயர். அதற்கு ஒரு சுபாவம் உண்டு. இரு சக்கரங்களுக்கும் திருகுவிசையை ஏறக்குறைய சமமாகவே அது பங்கிடும். ஆகவே சேற்றில் கிடக்கும் சக்கரம் எவ்வளவு சொற்பமான விசையை ஏற்றுக்கொள்கிறதோ, அவ்வளவுதான் காய்ந்த மண்ணில் நிற்பதற்கும் கிடைக்கும். டிராக்டர்க்காரர் இரண்டையும் பூட்டி இச்சமத்துவத்தைச் சற்று நேரம் ரத்து செய்தார். காரில் உள்ள டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேறு வழியில் போகிறது: வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கிறது, பிரேக்கை எதிர்க்க வேண்டிய அளவுக்கு அந்தப் பக்கம் விசை ஏறினால், சமத்துவ நியாயப்படி மற்றப் பக்கத்துக்கும் அதே அளவு ஏறியாக வேண்டும் அல்லவா?

சக்கரம் வழுக்குவதை அது எப்படி அறிகிறது என்பதும் ரசமான சங்கதியே. ஒவ்வொரு சக்கரத்தின் அச்சோடும் பல்வரிசை கொண்ட வளையம் ஒன்று சுழல்கிறது. அருகில் இருக்கும் காந்த உணரி, பல் ஒவ்வொன்றும் தன்னைக் கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. வளையத்தில் ஐம்பது பற்களும், டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவும் என்று கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட துடிப்புகள் வருகின்றன. நான்கு சக்கரங்களின் எண்ணிக்கையையும் கணினி ஒப்பிட்டு, எஞ்சின் இழுக்கும் சக்கரம் மற்றவற்றை மிஞ்சிச் சுழல்கிறது என்று கண்டால், எஞ்சினின் விசையைக் குறைக்கிறது, அல்லது பிரேக்கைப் பிடிக்கிறது, அல்லது இரண்டையும் செய்கிறது. 1978-இல் பாஷ் கம்பெனி மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்த ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்பட்ட இதே உணரிகளைக் கொண்டுதான், அடுத்த பத்தாண்டுக்குள் இந்த உபகரணமும் பிறந்தது.

வழுக்கல் என்றாலே தீங்கு என்று நாம் எண்ணுவது சகஜம். ஆனால் துளியும் வழுக்காத டயர் வண்டியை இழுக்கவே இழுக்காது என்பதுதான் உண்மை. ரப்பர் சாலையைப் பற்றி, நீண்டு, விடுபட்டு, மறுபடி பற்றும் அந்தச் செயலிலேயே சக்கரம் வண்டியைவிடச் சற்று அதிகமாகச் சுழன்றுவிடுகிறது. காய்ந்த தாரில் இந்த அதிகச் சுழற்சி பத்து சதவீதத்தை ஒட்டியிருக்கும்போது, அதாவது வண்டி 100 மீட்டர் நகர்வதற்குள் சக்கரம் 110 மீட்டருக்கான சுழற்சியைச் சுழலும்போது, பிடிப்பு உச்சத்தை அடைகிறது. அதற்குமேல் போனால் சரிகிறது. சாதாரணக் காரைச் செய்தவர்கள் இந்த உச்சிக்கு வெகுதூரம் இப்பாலேயே வேலி கட்டிவிடுகிறார்கள். பால் வாங்கப் போகிறவனும் பயணம் போகிறவனும் அதே காரில்தான் போகவேண்டும் என்பதால் அது நியாயமே. பந்தயக்காரனோ அந்த உச்சியின்மேலேயே உட்கார்ந்திருக்க விரும்புகிறவன்.

என் தங்கை மகன், சின்னசேலத்தில் கடை வைத்திருப்பவன், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தன் காரை ஓட்டிப்பார்க்கும் வாய்ப்புக் கிடைத்ததும் என்னிடம் வந்து, “மாமா, டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க, நெஜமா?” என்று கேட்டான். நம் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் பந்தயத் தடம் கிடையாது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பாழ்பட்டுக் கிடக்கிறது. அதைப்போன்றதொரு போர்க்கால ஓடுதளமாகிய சோழவரத்துக்கு அடித்த யோகம் அதற்கு அடிக்கவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கருகே இந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைச் சொந்தமாக அமைத்துக்கொண்டது.

அவனுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். உள்ளங்கையளவு தரையைத் தொடும் ஒரு டயர், அதிகபட்சமாக 300 கிலோ விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொள். வளைவில் 240 கிலோவைத் திரும்புவதற்கே செலவிட்டால், முன்னோக்கி இழுக்க எவ்வளவு மிஞ்சும்? அறுபது என்றான், கடைக்காரன் அல்லவா. இல்லை, 180 மிஞ்சும். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் இங்கே குறுக்கிடுகிறார்: 180, 240, 300. வளைவின் நடுவில் 300-ஐயும் திருப்பத்துக்கே தந்துவிட்ட டயர் ஒரு கிலோகூட இழுக்காது. அங்கே ஆக்ஸிலேட்டரை மிதித்தால், அவனுடையதைப் போன்ற முன்சக்கர இழுவை வண்டி திருப்பத்தைவிட்டு நேரே விலகும், பின்சக்கர இழுவை வண்டியானால் வால் சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க, அதே அளவுக்குக் காலைக் கூட்டிக்கொண்டு போவதே பந்தய ஓட்டத்தின் சூட்சுமம்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டவனுக்காகத் தானே போடுகிறது. கெடுதல் என்னவென்றால், கால் செய்த பிழையை அது சொல்லாமல் திருத்திவிடுவதால், பத்துச் சுற்று ஓடினாலும் கால் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அதைக் காய்ச்சிவிடுகிறது. ஆகையால் முதல் நாள் அப்படியே இருக்கட்டும், அது குறுக்கிட்டு முகப்பில் விளக்கு மினுக்கும் இடத்தையெல்லாம் மனத்தில் குறித்துக்கொள், அங்கே மினுக்காமல் ஓட்டப் பழகு, பிறகு வண்டியில் ஸ்போர்ட் நிலை இருந்தால் அதற்கு மாற்று, மழை பெய்தால் தொடவே தொடாதே என்றேன். அணைத்துவிட்டு ஓட்டுவதே வீரம் என்ற அபிப்பிராயம் எனக்குக் கிடையாது.

உலகத்தின் உச்சப் பந்தயமாகிய ஃபார்முலா ஒன்றிலேயே இந்த வழக்கு பலமுறை புரட்டப்பட்டது. 1992-இல் ஓட்டுநர் நைஜல் மான்செல் பட்டம் வென்ற வில்லியம்ஸ் காரில் இவ்வசதி இருந்தது. ஓட்டுநரின் சாமர்த்தியத்துக்கு வேலையில்லாமல் போகிறதென்று 1994-இல் விலக்கினார்கள். ஆனால் எஞ்சினை ஆளும் நிரலுக்குள் எவன் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது அசாத்தியமாகிவிடவே, பிடிக்க முடியாத திருட்டைச் சட்டமாக்கிவிடுவது மேல் என்று 2001-இல் ஸ்பெயின் பந்தயம் தொட்டு மறுபடி அனுமதித்தார்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே கணினிப் பெட்டியைக் கட்டாயமாக்கிய பிறகு 2008-இல் மீண்டும் தடை வந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் இரண்டு காலங்களையும் காலாலேயே அறிந்தவர்: 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது அவ்வசதி அனுமதிக்கப்பட்டிருந்தது, 2011-இலும் 2012-இலும் எச்.ஆர்.டி. காரில் திரும்பி வந்தபோது, எழுநூறு குதிரைச் சக்திக்கு மேற்பட்ட எஞ்சினுக்கும் டயருக்கும் நடுவே அவருடைய வலது பாதம் மட்டுமே நின்றது.

ஜி.டி.3 வகைப் பந்தயக் கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு இன்றும் அனுமதி உண்டு. அங்கே அது ஸ்டியரிங்கில் பதித்த திருகு குமிழாக இருக்கிறது. டயர் தேயத் தேய, மழை தூறத் தூற, ஓட்டுகிறவன் அதன் எண்ணை மாற்றி வழுக்கலின் வேலியைத் தள்ளிவைத்துக்கொள்கிறான்.

இருங்காட்டுக்கோட்டை போய்வந்த அடுத்த மாதம் மருமகன் என்னை வெள்ளிமலைக்கு அழைத்துப் போனான். கல்வராயன் மலைப் பாதையில் சாரல் பிடித்துக்கொண்டது. கொண்டையூசி வளைவொன்றில் உட்புறச் சக்கரம் உதிர்ந்து கிடந்த ஈரச் சருகின்மேல் ஏறியதும், கார் ஒரு கணம் தயங்க, முகப்பில் மஞ்சள் விளக்கு இரண்டு முறை மினுக்கிற்று. அவன் என் பக்கம் திரும்பாமலே, “நான்தான் மாமா, கொஞ்சம் முன்னாடியே மிதிச்சுட்டேன்” என்றான். அடுத்த வளைவில் ஸ்டியரிங் பாதி நேராகும்வரை அவன் கால் காத்திருந்தது; விளக்கு எரியவில்லை.