உப்பளத்துச் சாப்பாட்டுத் துண்டு

மரக்காணம் உப்பளத்தில் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக விரிப்பு கிடையாது, துண்டுதான் எல்லாம். காலையில் அது முண்டாசு. கூடை தூக்கும்போது சும்மாடு. தூக்குவாளியைத் திறந்தால் வரப்பில் விரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் கை துடைக்கவும் அதேதான்.

அந்தத் துண்டை உலர்த்துவதுதான் பெரும்பாடு. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சோற்றுப்பு படிந்துவிடும். மெக்னீசிய உப்புகள் மிஞ்சிய நீரில் தங்கும். அந்த நீர் பட்ட துணியில் ஒட்டும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். உச்சிவெயிலில் அட்டை போல விறைத்த துண்டு, இரவில் மறுபடி நசநசக்கும். உவர்நீரில் சோப்பும் நுரைக்காது. நல்ல தண்ணீரில் அலசினால்தான் உப்பு விடும்.

வேறு வகைச் சாப்பாட்டுத் துணியும் உண்டு. மரக்காணத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே ரொமெய்ன் ரோலண்ட் வீதியில், பழைய பிரெஞ்சு வீடொன்றில் குளுனி சபைக் கன்னியாஸ்திரிகளின் எம்ப்ராய்டரி மையம் இருக்கிறது. மேசைவிரிப்பிலும் நாப்கினிலும் பெண்கள் கையாலேயே பூவேலை செய்கிறார்கள். நுணுக்கமான வேலைதான். ஆனால் நம் பந்திக்கு அது எதற்கு? இலை இருக்கிறது, கை கழுவத் தண்ணீர் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் காகித ரோலை உருட்டிவிட்டு, பந்தி முடிந்ததும் இலையோடு சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். வெள்ளைத் துணி விரித்திருந்தால் முதல் பந்தி ரசத்திலேயே அதன் கதை முடிந்திருக்கும்!

சாப்பாட்டுக்கான நம் துணிகள் அடுக்களையில்தான் இருக்கின்றன: ஈரமாகத் தட்டில் விரிக்கும் இட்லித் துணி, பாத்திரம் இறக்கும் கரித்துணி. விருந்தாளி கண்ணில் அவை படுவதே இல்லை.

நாம் விரிக்காத மேசைவிரிப்பை நெய்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது கரூர். அதற்கும் உப்பு வேண்டும். ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலில் ஏற, சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் அது கழிவுநீரோடு வெளியேறும். பக்கத்துத் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க இன்று பெருஞ்செலவில் நிலையங்கள் நடக்கின்றன.

உப்பை வாரிக் குவிப்பவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. வரப்போரம் சாப்பிட ஒரு நிழற்கூரையும், கையையும் துண்டையும் அலச ஒரு தொட்டி நல்ல தண்ணீரும் போதும். உப்பளம் நடத்துபவர்களும் அரசும் அடுத்த உப்புப் பருவத்துக்குள் இதைச் செய்து தர வேண்டும்.