வீட்டு உரிமையாளர் சங்க ஏரி

வீட்டு உரிமையாளர் சங்க ஏரி என்பது, ஒரு குடியிருப்புப் பகுதியில் வீடு வைத்திருப்போரைக் கொண்ட சங்கத்தின் பொறுப்பில் உள்ள பொது ஏரி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய ஏரிகள் பரவலாகக் காணப்படுகின்றன. படகு ஓட்டவும், மீன் பிடிக்கவும், நீந்தவும் இவை பயன்படுகின்றன. பல இடங்களில் மழைநீர் வடிகால் அமைப்பின் ஒரு பகுதியாகவும் உள்ளன. பார்வைக்கு இயற்கை ஏரி போலத் தோன்றினாலும், இவற்றுள் பல மனிதரால் அமைக்கப்பட்டவை. அணைக்கும் மதகுக்கும் குழாய்க்கும் ஆயுள் உண்டு. ஏரியின் அடியில் ஆண்டுதோறும் வண்டல் சேர்கிறது. எனவே ஏரியைப் பேணும் செலவு தொடர்ந்து வருவதாகும். அச்செலவை உறுப்பினரிடையே பகிர்ந்தளித்து, உரிய காலத்தில் பணிகளைச் செய்வதே சங்கத்தின் முதன்மையான கடமை.

உருவாகும் முறை

சங்க ஏரிகள் பொதுவாக மூன்று வகைகளில் உருவாகின்றன.

1. மனை விற்பனை நிறுவனம் ஓர் ஓடையின் குறுக்கே அணை கட்டி ஏரியை உருவாக்குதல். ஏரிக்கரை மனைகள் கூடுதல் விலைக்கு விற்கும் என்பதே இதற்குக் காரணம்.
2. மண் எடுப்பதற்காகத் தோண்டிய பள்ளம் ஏரியாதல். புளோரிடா போன்ற தாழ்வான மாநிலங்களில், தோண்டிய மண்ணைக் கொண்டு மனைகளை உயர்த்துவர். பள்ளத்தில் மழைநீர் வந்து தேங்கும்.
3. ஆலைக்காகவோ குடிநீருக்காகவோ கட்டப்பட்ட பழைய நீர்த்தேக்கம் குடியிருப்போரின் கைக்கு வருதல்.

முதல் இரண்டு வகைகளிலும், மனைகள் பெருமளவு விற்றபின் நிறுவனம் பொது இடங்களைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகுவது வழக்கம். அன்று முதல் ஏரியும் அணையும் அவற்றின் செலவும் குடியிருப்போரைச் சேர்ந்தவை ஆகின்றன. வீடு வாங்கும்போது இதனை அறியாதோர் பலர்.

சட்ட அமைப்பு

சங்கத்தின் அதிகாரம் நிலப் பத்திரத்தோடு இணைந்த உடன்படிக்கையிலிருந்து வருகிறது. இவ்வுடன்படிக்கை ஆளை அல்லாமல் நிலத்தைப் பற்றி நிற்பதாகும். வீடு கைமாறினால், புதிய உரிமையாளரும் தாமாகவே அதற்குக் கட்டுப்படுகிறார். உறுப்பினர் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்தாவிடில் சங்கம் அவ்வீட்டின்மீது பற்றுரிமை கோரலாம். நிலுவையைத் தீர்க்காமல் வீட்டை விற்பது கடினமாகிவிடும்.

உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு சங்கத்தை நடத்துகிறது. குழுவினர் பெரும்பாலும் ஊதியம் பெறாதோர். எதிர்காலப் பெரும் பணிகளுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சேமநிதியாக ஒதுக்கி வைப்பது நல்ல நிர்வாகத்தின் அடையாளம். சேமநிதி போதாதபோது ஒவ்வொரு வீட்டின்மீதும் சிறப்புக் கட்டணம் விதிக்கப்படும்.

மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்களில் இயற்கை ஏரிகள் மிகுதி. அங்குள்ள ஏரிச் சங்கங்கள் பெரும்பாலும் விருப்பத்தின்பேரில் சேருவோரைக் கொண்டவை. அவற்றால் கட்டணத்தைக் கட்டாயமாக்க இயலாது. சேராதோரும் தூய ஏரியின் பயனைப் பெறுவதால், சேர்ந்தோர்மீது சுமை கூடுகிறது.

ஏரி சங்கத்திற்கு உரியதாயினும், அதில் எதையும் விருப்பம்போலச் செய்ய முடியாது. அணைப் பாதுகாப்பு, களைக்கொல்லி இடுதல், மீன் விடுதல், தூர் வாருதல் ஆகியவற்றுக்கு அரசின் விதிகள் உள்ளன. இவற்றுள் பலவற்றுக்கு முன் அனுமதி பெறவேண்டும்.

பராமரிப்புப் பணிகள்

வண்டல்

ஓடை நீர் ஏரியை அடைந்ததும் வேகம் குறைகிறது. அதனால் நீர் சுமந்து வரும் மணலும் சேறும் முகத்துவாரத்திலேயே படிகின்றன. காலப்போக்கில் அங்கு மணல்திட்டு தோன்றி, ஏரி ஆழம் குறைகிறது. இதற்குத் தீர்வு தூர் வாருதல். சேற்றை நீரோடு கலந்து உறிஞ்சிக் குழாய்வழி வெளியேற்றுவது ஒரு முறை. இயந்திரக் கரண்டியால் அள்ளுவது மற்றொன்று. அள்ளிய சேற்றை உலர்த்தவும் கொட்டவும் இடம் தேடுவதே பல நேரங்களில் பெரிய சிக்கலாகிறது.

ஊட்டச்சத்தும் பாசியும்

புல்தரை உரம், உதிர்ந்த இலை, கனடா வாத்துகளின் எச்சம் முதலியவற்றிலிருந்து பாஸ்பரசும் நைட்ரஜனும் ஏரியில் சேர்கின்றன. நன்னீரில் பாசி வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் ஆகும். அது மிகுந்தால் பாசி பெருகி நீர் பச்சையாகும். பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாவதால் மீன்கள் இறக்கின்றன. சில நீலப்பச்சைப் பாசிகள் நச்சுப்பொருளை வெளியிடக்கூடியவை; அப்போது நீந்துவதற்குத் தடை விதிக்கப்படும்.

மயில்துத்தம் இட்டுப் பாசியை அழிப்பது பழைய முறை. இது விரைவில் பயன் தந்தாலும், பாஸ்பரஸ் ஏரியிலேயே தங்கிவிடுவதால் பாசி மீண்டும் வளரும்; செம்பும் அடிச்சேற்றில் சேரும். அலுமினியம் சல்பேட் இட்டால் அது பாஸ்பரசைப் பிணைத்து அடியில் படியச் செய்கிறது. நீர்க்களைகளைத் தின்ன, இனப்பெருக்கம் செய்ய இயலாத புல்கெண்டை மீன்களை விடுவதும் உண்டு. காற்றூட்டிகளைப் பொருத்துவது, கரையோரம் புல்தரைக்கு மாற்றாக நாட்டுச் செடிகளை வளர்ப்பது ஆகியவை பிற வழிகள். மினசோட்டா மாநிலம் புல்தரைகளுக்குப் பாஸ்பரஸ் உரம் இடுவதை 2005 முதல் மாநிலம் முழுவதும் கட்டுப்படுத்தியது.

நீர்த் தெளிவை அளத்தல்

நீர்த் தெளிவை அளக்கத் தன்னார்வலர்கள் செக்கி தட்டைப் பயன்படுத்துகின்றனர். இது 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு. கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வர். இத்தாலிய அறிவியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865-இல் இம்முறையைக் கையாண்டார். பல ஆண்டு அளவீடுகளை ஒப்பிட்டு, ஏரியின் நிலை சீர்கெடுகிறதா என்பதை அறியலாம்.

அணை

மண் அணையில் மரம் வளர விடுவது தவறு. மரம் பட்டுப்போனபின் வேர் அழுகிய வழியே நீர் கசியும். விலங்குகள் தோண்டும் வளைகளும், துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் இதே ஆபத்தைத் தருகின்றன. பெருமழையின்போது உபரி நீர் வெளியேறும் கலங்கல் அடைபடாமல் இருக்கவேண்டும்.

அமெரிக்க அணைகள் இடர் அடிப்படையில் உயர், குறிப்பிடத்தக்க, குறைந்த என வகைப்படுத்தப்படுகின்றன. இது அணையின் உறுதியைக் குறிப்பதன்று. அணை உடைந்தால் கீழே ஏற்படும் இழப்பையே குறிக்கும். கட்டும்போது குறைந்த இடர் வகையில் இருந்த அணை, பின்னர் அதன் கீழே வீடுகள் பெருகியதால் உயர் இடர் வகைக்கு மாறலாம். அப்போது விதிகள் கடுமையாகிச் செலவும் கூடும்.

எடுத்துக்காட்டு: பார்கிராஃப்ட் ஏரி

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் உள்ள பார்கிராஃப்ட் ஏரி சுமார் 135 ஏக்கர் பரப்புடையது. ஹோம்ஸ் ரன், டிரிப்ஸ் ரன் என்னும் ஓடைகள் இதற்கு நீர் தருகின்றன. அலெக்சாண்டிரியா நகரின் குடிநீருக்காக இதன் அணை 1915-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1950-ஆம் ஆண்டளவில் ஏரி குடிநீர்ப் பயன்பாட்டிலிருந்து நீங்கி விற்கப்பட்டது. அதன்பின் கரையைச் சுற்றி 1,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

1972 சூனில் ஆக்னஸ் சூறாவளியின் பெருமழையால் ஏரி நிரம்பி வழிந்தது. கற்காரை அணை நின்றது. ஆனால் அதன் பக்கத்து மண்கரை அரித்துச் செல்லப்பட்டு ஏரி வடிந்தது. வீடுகளின் முன்னே சேற்று நிலமே எஞ்சியது. அணையைச் செப்பனிடத் தேவையான பணத்தைச் சங்கக் கட்டணத்தால் மட்டும் திரட்டுவது கடினமாக இருந்தது. எனவே குடியிருப்போர் 1973-இல் மாநிலச் சட்டத்தின்கீழ் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு மாவட்டம் ஒன்றை அமைத்தனர். இது சொத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரமுள்ள பொது அமைப்பாகும். இவ்வாறு அவர்கள் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு ஏரியை மீட்டனர். அணையைப் பேணுதல், தூர் வாருதல் ஆகியவை இவ்வமைப்பின் பொறுப்பாயின. சமூக நிகழ்வுகள், நீந்தும் கரைகள் போன்றவற்றைக் குடியிருப்போர் சங்கம் கவனிக்கிறது.

சிக்கல்கள்

பார்கிராஃப்ட் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 14.5 சதுர மைல். இது ஏரியின் பரப்பைப்போல 60 மடங்குக்கு மேல் ஆகும். அதன் பெரும்பகுதியில் சங்க உறுப்பினர்கள் எவரும் இல்லை. மேலேயுள்ள சாலைகளிலிருந்தும் வாகன நிறுத்தங்களிலிருந்தும் வரும் மண்ணை அள்ளும் செலவு கீழேயுள்ளோரைச் சேர்கிறது. பெரும்பாலான சங்க ஏரிகளுக்கும் இது பொருந்தும்.

செலவுப் பங்கீடு மற்றொரு சிக்கல். கரையோர வீட்டினர் பெறும் பயன் மிகுதி என்பதால் அவர்களே கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்பர் ஒரு சாரார். ஏரியால் குடியிருப்பு முழுவதன் மதிப்பும் உயர்கிறது என்பர் மறுசாரார். இத்தகைய கருத்து வேறுபாட்டால் பணிகள் தள்ளிப்போவதுண்டு.

தள்ளிப்போடுவதன் விளைவு கடுமையானது. 2015 அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்தில் பெய்த பெருமழையில் சுமார் 50 அணைகள் உடைந்தன. அவற்றுள் வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்குரிய சிறு அணைகளும் அடங்கும். தலைநகர் கொலம்பியாவின் கில்ஸ் கிரீக் ஓடைப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த ஏரிகளுள் சில வடிந்தன. சேமநிதி இல்லாத சங்கங்களின் முன் இருந்த வழிகள் இரண்டே: ஒவ்வொரு வீட்டின்மீதும் பெருந்தொகையை விதித்து அணையை மீண்டும் கட்டுவது, அல்லது ஏரியைக் கைவிட்டு ஓடையை அதன் போக்கில் விடுவது.

இவற்றையும் பார்க்க

- அணை
- தூர் வாருதல்
- நீர்ப்பிடிப்புப் பகுதி
- நீலப்பச்சைப் பாசி