தாவர உடலில் நுண்ணுயிர்க்கொல்லியின் செலவு

மனிதன் உட்கொள்ளும் மருந்து குருதியோட்டத்துடன் உடலெங்கும் பரவுகின்றது. இதயமோ குருதியோ இல்லாத மரத்துக்கு மருந்தூட்டின், அஃது எவ்வழியாற் செல்லும்? நோய்க்கிருமி உறையும் இடத்தை அடையுமா? இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

தாவரத்தில் இருவகைக் கடத்தும் இழையங்கள் உள. வேர் உறிஞ்சிய நீரைக் காழ் மேலே கொண்டுசெல்லும். இலைகளில் நிகழும் ஆவியுயிர்ப்பே அந்நீரை இழுக்கின்றது. இலைகள் ஆக்கிய வெல்லத்தை ஏனைய உறுப்புக்களுக்கு உரியம் வழங்கும். வேர்வழியே புகும் மருந்து அகத்தோலை அடைந்ததும், கலச்சுவர்களினூடாகச் செல்லும் பாதையைக் கஸ்பாரியின் கீலம் மறிக்கின்றது. ஆகவே கலமென்சவ்வைக் கடக்கவல்ல பொருளே உட்செல்லும். ஏற்றமற்ற குளோரம்பெனிக்கோல் எளிதிற் கடக்கும். நேரேற்றமுடைய ஸ்ரெப்றோமைசினோ மண்ணின் களித்துணிக்கைகளிலும் கலச்சுவர்களிலும் பெரிதும் பற்றிக்கொள்ளும்.

இத்தடையைத் தவிர்க்கும் ஒரு வழி, மருந்தைத் தண்டினுள் நேரே செலுத்துதலாகும். புளோறிடாவில் 1970களில் தென்னைகளை அழித்த கொடிய மஞ்சள் நோய்க்கு இம்முறை கையாளப்பட்டது. அந்நோயை விளைக்கும் பைற்றோபிளாஸ்மா உரியத்தின் நெய்யரிக்குழாய்களில் வாழ்வது. இவ்வினத்து நுண்ணுயிர்கள் தாவரங்களில் உள்ளமையை யப்பானிய அறிஞர் 1967இல் கண்டறிந்தனர். இவற்றுக்குக் கலச்சுவர் இல்லை. எனவே கலச்சுவராக்கத்தைத் தடுக்கும் பெனிசிலின் பயன்படாது. புரத ஆக்கத்தைத் தடுக்கும் ஒட்சிரெற்றாசைக்கிளினே பயன்பட்டது. அது காழ்நீருடன் மரத்தின் முடியை அடைந்து, ஒரு பகுதி உரியத்துட் புகுந்து, கிருமியின் பெருக்கத்தை அடக்கியது. ஆயினும் முற்றாக ஒழிக்கவில்லை. நான்கு மாதங்களுக்கொருமுறை மருந்தேற்றல் வேண்டும். நிறுத்தின் நோய் மீளும். நம் நாட்டிலும் 2006இல் வெலிகமப் பகுதித் தென்னைகளில் பைற்றோபிளாஸ்மாவோடு தொடர்புடைய இலைவாடல் நோய் காணப்பட்டது. அங்கு நோயுற்ற மரங்களை அகற்றும் முறையே கைக்கொள்ளப்பட்டது.

மருந்தின் மிகையான பயனால் விளையும் இடரும் உண்டு. பேரி மரங்களின் தீக்கருகல் நோய்க்கு ஸ்ரெப்றோமைசின் தெளிக்கப்பட்ட கலிபோர்ணியாவில், அதற்கு அடங்காத பற்றீரியா 1971இல் கண்டறியப்பட்டது. மேலும், கால்நடைக்கு ஊட்டிய மருந்து எருவுடன் வயலை அடைந்து, சோளம், கோவா, வெங்காயம் முதலிய பயிர்களினுட் சிறிதளவு புகுதலைச் சோதனைகள் காட்டியுள்ளன. நோயுற்ற மரத்துக்கு மருந்தைச் சுமந்துசெல்லும் அதே வழி, நாம் வேண்டாத மருந்தையும் நம் உணவிற் கொண்டுவந்து சேர்க்கவல்லது. ஆதலின் மருந்தின் ஆற்றலை மட்டுமன்றி, அது செல்லும் வழியையும் அறிந்து, அளவறிந்து பயன்படுத்தலே அறிவுடைமையாகும்.