‘இஸ்மாயில்’ என்னும் பெயரும் அதன் பொருளும்



முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலோ, கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலோ, வவுனியாவின் சாளம்பைக்குளத்திலோ ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளையில் “இஸ்மாயில்!” என்று ஒருவர் குரல் கொடுத்தால் இரண்டொருவராவது திரும்பிப் பார்ப்பர். அப்பெயரின் பொருள் யாதென அவர்களிடம் வினவினால், “அது ஒரு நபியின் பெயர்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். அது சரியான விடையே. எனினும் அப்பெயருக்குள் ஒரு முழு வாக்கியமே அடங்கியிருக்கின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இஸ்மாயில் என்பது மூலத்தில் அரபுப் பெயர் அன்று, எபிரேயப் பெயராகும். அம்மொழியில் அது ‘யிஷ்மாஏல்’ என ஒலிக்கும். ‘யிஷ்மா’ என்றால் ‘அவன் செவியேற்கிறான்’. ‘ஏல்’ என்றால் இறைவன். ஆகவே, ‘இறைவன் செவியேற்கிறான்’ என்பதே அதன் பொருளாகும். ஜிப்ரீல், மீக்காயீல், இஸ்ராயீல் ஆகிய பெயர்களின் இறுதியில் வரும் ‘ஈல்’ என்பதும் இதே சொல்லே. அரபு இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பிறமொழிப் பெயராகவே கணித்தனர். அல்குர்ஆனில் பன்னிரண்டு இடங்களில் இப்பெயர் வருகின்றது. ஓரிடத்திலேனும் இதற்குத் தன்வீன் இல்லாதிருப்பதன் காரணம் அதுவே.

பிறமொழிச் சொல் என்பதால் இது நமக்கு அந்நியமானது என்று எண்ணிவிட வேண்டாம். எபிரேயமும் அரபும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எபிரேயத்தின் ‘ஷமா’வும் அரபின் ‘ஸமிஅ’வும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகளாகும். ருகூவிலிருந்து நிமிரும் போது ‘ஸமிஅல்லாஹு’ எனத் தொடங்கிக் கூறுகிறோமே, அதிலுள்ள முதற் சொல் இவ்வேரிலிருந்து பிறந்ததுதான். நாளொன்றுக்கு ஐவேளைக் கடமையான தொழுகைகளில் 17 ரக்அத்துகள் உள்ளன. அத்தனை தடவையும், ஒரு வகையில், இப்பெயரின் பொருளை நாம் மொழிந்துகொண்டே இருக்கிறோம். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்றான ‘அஸ்ஸமீஃ’ என்பதும் இவ்வேரினதே.

ஹிஜ்ரி 671இல் மறைந்த இமாம் குர்துபி தமது தப்ஸீரில் வேறொரு விளக்கத்தையும் எடுத்துரைக்கிறார். குழந்தைப் பேறின்றி இருந்த நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், ‘இறைவா, செவியேற்பாயாக’ என இரந்து கேட்டார்களாம்; பிள்ளை பிறந்ததும் அப்பிரார்த்தனைச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார்களாம். மொழியியலாளர் இதனை ஏற்பரோ, மாட்டாரோ, மனத்திற்கு இதமான விளக்கம் இது. ஸூரா இப்ராஹீமின் 39ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் அளித்த இறைவனை நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அங்கு புகழ்கிறார்கள். புகழ்ந்த கையோடு, தம் இரட்சகன் பிரார்த்தனையைச் செவியுறுபவன் என்று கூறி முடிக்கிறார்கள். மகனின் பெயரும் அப்பெயரின் பொருளும் ஒரே வசனத்தில் அருகருகே அமைந்திருக்கின்றன.

தந்தையின் பிரார்த்தனை செவியேற்கப்பட்ட வரலாறு இது. தாயின் வரலாறோ இன்னும் உருக்கமானது. புகாரியில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வாயிலாக வரும் நீண்ட அறிவிப்பை நினைவுகூருங்கள். பயிர்பச்சை இல்லாத பள்ளத்தாக்கு. ஒரு பையில் பேரீச்சம்பழம், ஒரு தோற்பையில் தண்ணீர், மடியில் பால்குடி மாறாத பாலகன். இவற்றோடு அன்னை ஹாஜர் (அலை) அங்கே விடப்படுகிறார்கள். தண்ணீர் தீர்ந்தது, குழந்தை துடித்தது. ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடினார்கள். கடைசித் தடவை மர்வாவில் நின்றபோது ஏதோ ஓர் ஓசை காதில் விழுந்தது. தம்மைத் தாமே அமைதியாயிருக்கச் சொல்லிக்கொண்டு, காதைத் தீட்டிக் கேட்டார்கள், மீண்டும் கேட்டது. குரலைக் கேட்கச் செய்துவிட்டீர், உதவியும் இருந்தால் செய்வீராக என்னும் கருத்துப்பட அக்குரலை நோக்கி உரைத்தார்கள். இக்கட்டத்தில் வரும் அரபுச் சொற்கள் மீண்டும் மீண்டும் அந்த ‘ஸமிஅ’ வேரையே சுற்றி வருகின்றன. அவ்விடத்தில்தான் ஸம்ஸம் பீறிட்டது. (முள்ளியவளைக்கு அண்மையில் நமக்கும் ‘தண்ணீரூற்று’ என்றே ஓர் ஊர் இருப்பதை இடையில் நினைத்துக்கொள்ளலாம்.)

யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதும் ஆதியாகமத்திலும் பெயருக்கான காரணம் இதற்கு மிக அண்மையில் நிற்கின்றது. குழந்தை பிறக்குமுன்பே ஒரு வானவர் தோன்றி, உன் துயரத்தை இறைவன் செவியுற்றான், எனவே இப்பெயரை இடு என்று அத்தாய்க்கு அறிவித்ததாக அந்நூல் கூறுகின்றது. வீடும் உறவும் அற்று நின்ற ஒரு பெண்ணின் அழுகுரலோடு இப்பெயரை அந்நூல் பிணைத்து வைத்திருப்பது கவனத்திற்குரியது.

இதனை வன்னி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய போது, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்கள் சில நாட்களுள் வெறிச்சோடின. காணி உறுதியும் வீடும் வயலும் மாடும் கைவிட்டுப் போயின. கைக்குழந்தையோடு பாதை நெடுக நடந்த தாய்மார் அன்று எத்தனை பேர்! புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டில்களில் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு, ஊரில் அடங்கியிருக்கும் பாட்டனாரின் பெயரைச் சூட்டிய குடும்பங்கள் உண்டு. எவராலும் பறிக்க முடியாத முதுசம் பெயர் ஒன்றுதானே! 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்து, பற்றை மூடிக் கிடந்த காணியில் எல்லைக்கல் தேடிய இளைஞன் ஒருவன், “நான் இஸ்மாயிலின் பேரன் இஸ்மாயில்” என்று அயலவரிடம் தன்னை அறிமுகப்படுத்தியிருந்தால், அங்கே பெயரும் ஓர் உறுதிப் பத்திரமாகி நின்றிருக்கும்.

நபிமாரின் பெயரைச் சூட்டும் வழமை மிகப் பழையது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்களிடம் பெயர் தொடர்பாக ஓர் ஐயத்தை எழுப்பிய போது, முன்னிருந்த சமூகத்தார் தம் நபிமார், நல்லோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டு வந்தனர் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தமக்குப் பிறந்த ஆண் மகவுக்கு இப்ராஹீம் என்று அவர்களே பெயரிட்டார்கள். இஸ்மாயில் (அலை) அவர்களோ நபியவர்களின் முன்னோர்.

நம் நாட்டிலும் தமிழகத்திலும் இப்பெயரைப் பெருமைப்படுத்தியோர் பலர். புத்தளம் தொகுதியின் பிரதிநிதியாயிருந்த எச்.எஸ். இஸ்மாயில் 1956 முதல் 1959 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக வீற்றிருந்தார். ‘காயிதே மில்லத்’ எனப் போற்றப்படும் முஹம்மது இஸ்மாயில் (1896–1972) இந்தியாவில் முஸ்லிம் லீக்கை வழிநடத்தினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதியரசராயிருந்த மு.மு. இஸ்மாயில் (1921–2005) கம்பனில் தோய்ந்த அறிஞர். கிழக்கிலங்கையில் ‘இஸ்மாலெவ்வை’ என இப்பெயர் தமிழ்நடைக்கு ஏற்பக் குழைந்து வழங்குவது தனிச்சுவை.

வியப்பு யாதெனில், எபிரேயப் பெயராயிருந்தும் யூதர்களிடையே இன்று இது அரிது என்பதாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இப்பெயருடைய புகழ்பெற்ற யூத அறிஞர் ஒருவர் வாழ்ந்தார். பின்னர் இப்பெயர் முஸ்லிம்களின் அடையாளமாகிவிட்டதால் அவர்கள் படிப்படியாகக் கைவிட்டனர் போலும். கிறிஸ்தவத் தமிழரும் ‘இஸ்மவேல்’ என வேதாகமத்தில் வாசிப்பரேயன்றிப் பிள்ளைக்குச் சூட்டுவது குறைவு. வேறு பல பெயர்களில் நிலைமை அப்படியன்று. முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கரின் ‘சூசை’யும் நமது ‘யூஸுப்’பும் ஒரே பெயர், அவர்களின் மரியாள் நமது மர்யம். அயல்வீட்டாரோடு பெயரளவிலாவது நாம் உறவினர் என்பதை இரு சாராரும் அறிந்திருத்தல் நன்று.

இக்காலத்தில் சில இளம் பெற்றோர் இதனைப் ‘பழைய காலத்துப் பெயர்’ என ஒதுக்கி, ஓசைக்காக மட்டும் பொருளற்ற எழுத்துக் கோவைகளைத் தெரிவு செய்கின்றனர். ஓசை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஓசையும் பொருளும் வரலாறும் ஒருங்கே கிடைக்கும்போது வெறும் ஓசையோடு அமைவானேன்?

சூட்டுவதென முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஏழாம் நாள் அகீகாவோடு பெயரிடும் நாம், பதிவாளரிடம் செல்வதைத் தள்ளிப் போட்டுவிடுகிறோம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். இஸ்மாயில், இஸ்மாயீல், இஸ்மைல் எனப் பலவாறு தமிழிலும், ‘வை’ எழுத்துச் சேர்ந்தும் சேராமலும் ஆங்கிலத்திலும் இப்பெயர் எழுதப்படுகின்றது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் தேசிய அடையாள அட்டையில் வேறொன்றுமாக இருப்பதால், காணி விடயத்திலும் கடவுச்சீட்டு விடயத்திலும் அலைந்தோர் உளர். தகப்பனாரின் பத்திரத்தையும் பாட்டனாரின் பெயர் எழுதப்பட்ட ஏதேனும் பழைய தாளையும் கையோடு கொண்டு சென்று, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பதிவுப் படிவத்தில் ஒப்பமிடுங்கள்.