பக்கவாட்டுப் படத்தில் இல்லாத மலை

1974 டிசம்பர் 4. ஹஜ் யாத்திரிகர்களுடன் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையம் நோக்கி வந்த விமானம் மஸ்கெலியாவில் சப்தகன்னி மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தையே பிழையாகக் கணித்திருந்தார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னர் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு மலை, 92 உயிர்கள். அங்கே தரையிறங்கும் வரைபடமும் ஒரு காரணமென விசாரணை சொன்னது. ஒரே தாள், இரண்டு படங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில் இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம் 3400 அடி. பக்கவாட்டுப் படமோ மலையைக் கடந்த பிறகுதான் தொடங்கியது. அதில் 1800 அடி. கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியும் தெளிவாக இல்லை. 1800க்கே இறங்கினார்கள். முகிலுக்குள் குலுங்கும் விமானத்தில் உயிர்காக்கும் எண்ணைத் தேடவைக்கும் தாள், விமானிக்குச் செய்யும் அநியாயம். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை வேர்ஜீனியா விபத்தின் பின்னரே அமெரிக்கா பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது.