தொலைவிலுள்ள ஏடும் அருகிலுள்ள எழுதுகோலும்

கணிப்பொறியில் நாம் திருத்த விரும்பும் ஏடு எப்பொழுதும் நம் மேசைமீதே இருப்பதில்லை. ஓர் இணையதளத்தை நடத்தும் சேவையகம் ஆயிரம் கல் தொலைவில் இருக்கும். அதிலுள்ள கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டியவர் தம் வீட்டில் அமர்ந்திருப்பார். கோப்பைத் தம்மிடம் வரவழைப்பதா, தம் கையை அங்கே நீட்டுவதா என்பதே அவர்முன் உள்ள கேள்வி.

கை நீட்டுவதென்பது அச்சேவையகத்தினுள் புகுந்து, அங்குள்ள எடிட்டரிலேயே எழுதுவதாகும். இதில் ஒவ்வோர் எழுத்தும் அங்கே சென்று மீண்ட பின்னரே திரையில் தோன்றும். இணைப்பு மெதுவானால் எழுதுவோர் பொறுமை இழப்பர்.

வரவழைப்பதற்கு வழிவகுத்தது எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. அதன் முதல் வரைவை 1971இல் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்பது நாம் அறியத்தக்கது. ஆயினும் அதில் கடவுச்சொல் மறைப்பின்றியே சென்றது. இடையில் ஒற்றுக் கேட்பவர் அதனை எளிதில் கவரலாம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அத்தகைய களவு நிகழ்ந்ததன் பின்னரே, 1995இல், தாத்து யுலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகாப்பு வழியை அமைத்தார்.

அவ்வழியின்மேல் எழுந்ததே மூன்றாவது முறை. ஈமாக்ஸ் எடிட்டரின் 'டிராம்ப்' என்னும் பகுதி, தொலைக்கோப்பின் படியொன்றைத் தானே கொணர்ந்து திறக்கும்; சேமித்தவுடன் தானே திருப்பி அனுப்பும். எழுதுவது இங்கே, பயணம் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மட்டுமே. எஸ்.எஸ்.எச்.எஃப்.எஸ். என்பதோ தொலைவிலுள்ள கோப்புறையையே நம்முடையதுபோல் காட்டும். 2019இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் ஒரு துணை நிரலைச் சேவையகத்தில் இயங்கச் செய்து, திரையை மட்டும் நம்மிடம் வைத்தது.

இவ்வெளிமை தொலைவை மறக்கச் செய்கிறது. இடர் பிறப்பது அங்கேதான். சேமிக்கும் தருணத்தில் இணைப்பு அறுந்தால், பாதி எழுதிய கோப்பே அங்கே எஞ்சக்கூடும். ஆதலின், அருகில் புதிய கோப்பாக எழுதி முடித்து, பின்னர்ப் பழைய பெயரை அதற்குச் சூட்டுதல் நன்று. ஒரே கோப்பு முறைமைக்குள் இப்பெயர் மாற்றம் ஒரே செயலாக நிகழ்வதால், படிக்கும் நிரலுக்குப் பழையது முழுமையாகக் கிட்டும், அன்றேல் புதியது முழுமையாகக் கிட்டும், பாதி கிட்டாது.

இருவர் ஒரே கோப்பைத் திறந்தால், பின்னர்ச் சேமிப்பவரின் எழுத்து முன்னவரின் உழைப்பை அழித்துவிடும். கோப்பு இடையில் மாறியுள்ளதென்று எடிட்டர் எச்சரித்தால், அதனைத் தள்ளிவிடாமல் நின்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்னும் ஒன்றுண்டு. எஸ்.எஸ்.எச். அமைப்புக் கோப்பையே திருத்துவோர் தாம் வந்த வழியையே அடைத்துக்கொள்ள நேரலாம். திருத்திய பின்னர் அமைப்பைச் சோதித்து, நிரலை மீண்டும் தொடங்கி, முதல் இணைப்பை மூடாமலே இரண்டாவதாக ஒருமுறை நுழைந்து பார்த்தல் வேண்டும். புதுவழி திறந்திருப்பதைக் கண்டபின்னரே பழைய வாயிலைச் சாத்துதல் அறிவுடைமை.