செல்ஃப் சுத்துது, ஆனா கார் ஸ்டார்ட் ஆகலையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

கோவை கணபதியில் காலை எட்டேகால் மணி. சத்தி ரோட்டில் பள்ளி வேன்கள் நகரத் தொடங்கிவிட்டன. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினால் ‘கிர்ர்... கிர்ர்... கிர்ர்...’ என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. “பேட்டரி போயிருச்சுங்க” என்கிறார் எதிர் வீட்டுக்காரர். “நாலு பேர் தள்ளுனா எடுத்துக்குமுங்க” என்கிறார் இன்னொருவர்.

எந்த ஊர்த் தெருவிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். ஆனால், இந்த இரண்டு யோசனைகளுமே இங்கே பெரும்பாலும் உதவாது. ஏன்? கார் போடும் சத்தத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

அந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரன்ட்டில் செல்ஃப் மோட்டார் ஓடி, இன்ஜினைச் சுற்றிவிடும். ‘கிர்ர் கிர்ர்’ என்று வழக்கமான வேகத்தில் சுற்றினால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று அர்த்தம். அதன் பிறகு புது பேட்டரி வாங்கினாலும் வண்டி எடுக்காது.

தள்ளுவதும் அப்படித்தான். செல்ஃப் மோட்டார் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையைத்தான் தள்ளுபவர்களும் செய்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சத்தம் இழுத்து இழுத்து வந்து, டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரி பலவீனம்தான். முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். அப்போது வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுப் பார்ப்பது சரி.

இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் இன்ஜின் ஓட எரிபொருள், காற்று, தீப்பொறி மூன்றும் வேண்டும். அவை சரியான நேரத்தில், போதுமான அழுத்தத்தில் கிடைக்க வேண்டும். டீசல் இன்ஜினில் பிளக் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இப்போதைய கார்களில் இவை எல்லாவற்றுக்கும் மேலே ‘இசியு’ எனப்படும் கணினி உட்கார்ந்திருக்கிறது. அது அனுமதித்தால்தான் எரிபொருளே உள்ளே போகும். எனவே செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

1. சாவியைக் கவனியுங்கள்

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா? அப்படியானால் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. பல கார்களில் இந்த நிலையிலும் செல்ஃப் அடிக்கும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. சில நேரம் ஒரு நொடி ஓடி அணையும். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் ரிமோட்டையே பட்டன் மீது ஒட்டி வைத்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும்.

2. டேங்கில் உண்மையிலேயே எரிபொருள் இருக்கிறதா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மீட்டர் முள் பொய் சொல்வதும், சரிவில் நிறுத்திய வண்டியில் குறைவாக இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல சிஎன்ஜி கார்கள் முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறும். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் பெட்ரோல் காலி என்றால் வண்டி எடுக்காது.

பெட்ரோல் போட்ட சிறிது நேரத்திலேயே தகராறு தொடங்கியதா? அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். டேங்கில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. பின் சீட் பக்கம் காது கொடுங்கள்

பெட்ரோல் கார்களில் பொதுவாக டேங்குக்குள்தான் ஃபியூயல் பம்ப் இருக்கும். சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பினால், பல கார்களில் பின் சீட் பக்கம் இரண்டு நொடி ‘உய்ங்’ என்று மெல்லிய சத்தம் வரும். அது வரவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது ரிலே போயிருக்கலாம், பம்ப்பே போயிருக்கலாம்.

ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எது எதற்கு என்று படம் இருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் அளவில் மாற்ற வேண்டும். ஒயர் துண்டையோ சிகரெட் பெட்டி காகிதத்தையோ வைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்து. ரிலேயைச் சோதிக்க ஓர் எளிய வழி: ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண்ணில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி எடுத்தால் பழுது ரிலேயில்தான். சில பழைய ஃபோர்டு கார்களில் பள்ளத்தில் பலமாக இடித்தால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. அதை மறுபடி அழுத்திவிட்டாலே போதும்.

4. பெட்ரோல் வாடை அடிக்கிறதா?

பல தடவை செல்ஃப் அடித்த பிறகு பெட்ரோல் வாடை வந்தால் பிளக் நனைந்திருக்கலாம். பல இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சில நொடி செல்ஃப் அடித்தால் கணினி பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விடும். பிளக் காய்ந்து வண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. தீப்பொறி வருகிறதா என்று பிளக்கைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட்.

5. ஆர்பிஎம் முள் அசைகிறதா?

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாகக்கூட எழவில்லை என்றால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வரலாம். இன்ஜின் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்வது அதுதான். ‘சூடானா நின்னுடுது, அரை மணி நேரம் ஆறினா எடுத்துக்குது’ என்பதும் இந்தச் சென்சார் பழுதின் அடையாளம். ஓபிடி ஸ்கேனரில் பி0335 என்ற கோடு வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். அதற்காக உடனே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. எலி கடித்த ஒயரும் இதே கோடைத்தான் காட்டும். பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை, கடிபட்ட ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

6. டீசல் வண்டியா?

டேங்க் காலியாகி நின்ற டீசல் வண்டியில் லைனில் காற்று புகுந்திருக்கும். ‘ஏர் எடுத்துருச்சு’ என்பது இதைத்தான். டீசல் ஊற்றியதும், அந்த மாடலில் கைப்பம்ப் இருந்தால் அதை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் பைப்பைக் கழற்றவே கூடாது. அதிலுள்ள அழுத்தம் தோலைத் துளைக்கும். கணபதியில் ஒழுங்காக எடுத்த வண்டி மார்கழி மாத ஊட்டியில் விடிகாலை அடம்பிடித்தால் குளோ பிளக் போயிருக்கலாம். சுருள் கம்பி விளக்கு அணையும் வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

மழை கொட்டினால் கோவையில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரில் நின்றுபோன காரில் ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான தனி கவர் எடுத்திருக்க வேண்டும். வண்டியை டோ செய்து கொண்டு போவதே வழி.

வழக்கமான ‘கிர்ர் கிர்ர்’ தாளம் இல்லாமல் ‘விர்ர்ர்’ என்று லேசாகச் சுற்றினாலும் நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் வால்வு வளையும் அபாயம் உண்டு.

மற்ற நேரங்களிலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். மூன்று, நான்கு முயற்சியோடு முடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நன்றாக இருந்த பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து செலவு வைக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

எல்.ஜி.பி. செயின், ரூட்ஸ் ஹார்ன் என வாகன உதிரிபாக நிறுவனங்கள் இயங்கும் பகுதி கணபதி. பட்டறைக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் “வண்டி எடுக்கலைங்க” என்று மட்டும் சொன்னால், வருபவர் பேட்டரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “செல்ஃப் நல்லா சுத்துது. சாவி லைட் சிமிட்டல. பம்ப் சத்தம் வரல. ஃபியூஸ் பாத்தாச்சு, நல்லா இருக்கு. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு.”

இவ்வளவு தெரிந்தால், என்ன சாமான் எடுத்து வர வேண்டும் என்று அவர் போனிலேயே முடிவு செய்துவிடலாம். தேவையில்லாத பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் செலவும் உங்களுக்கு மிச்சம்.